டப்பட் நைனாவின் காது

பூந்தமல்லி சாலையில் எந்தக் காரும் டப்பட் நைனாவுக்குத் தெரியாமல் இருமிவிட்டுப் போனதில்லை. காட்டுப்பாக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு இஞ்சின் வேலை பார்த்தவர் அவர். இஞ்சின் தலைக்குள் வால்வுகளைத் தட்டித் திறக்கும் ராக்கர்கள் தளர்ந்தால் டிக் டிக்கென்று ஒரு சத்தம் வரும். மெக்கானிக்குகள் அதை டப்பட் சத்தம் என்பார்கள். அது காதில் விழுந்துவிட்டால் நைனாவுக்குச் சோறு இறங்காது. ஒருமுறை பூ அலங்காரத்தோடு போன மாப்பிள்ளை காரையே ஓடிப்போய் மறித்தார்.

"மூணாவது ராக்கர் லூஸா கீது. அத்த முடிச்சிகினு அப்பால தாலி கட்டு!"

மாப்பிள்ளை இறங்கியே விட்டார். மாமனார்தான் பிடித்து உள்ளே தள்ளினார்.

இடைவெளி அளக்கும் கேஜ் தகட்டை நைனா தொடவே மாட்டார். "காது இல்லாதவனுக்குத்தான் கேஜு" என்பார். ஸ்க்ரூடிரைவர் நுனியை இஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். குறுக்கே யார் பேசினாலும் விரட்டுவார். விரட்டி விரட்டி, கடைசியில் கொட்டகையில் அவர் ஒருவர்தான் மிஞ்சினார். சமைப்பதும் படுப்பதும் அங்கேயேதான்.

நானும் தனிக்கட்டைதான். தேனியிலிருந்து வேலைக்கு வந்து, நாலாவது மாடி ஃப்ளாட்டில் லேப்டாப்போடு குடித்தனம். சாப்பாடு கொண்டுவருபவர்கூட வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். சில வாரங்களில் என் குரலை நானே கேட்பது, "என் மைக் ஆன்ல இருக்கா?" என்று ஆபீஸ் கூட்டத்தில் கேட்கும்போதுதான். ஊர் சுற்றலாம் என்று ஒரு பழைய காரை வாங்கினேன். அதன் இஞ்சினைப் பிரித்துக் கட்டித் தந்தவர் நைனா.

ஒரு வாரம்தான் ஓடியது. டிக்... டிக்... டிக். காரோடு போய் நின்றேன்.

"நைனா, டப்பட் சத்தம் வருது."

"நான் கட்ன இஞ்சின்லயா? தேனாட்டம் ஓடுது சார். ஒனக்குத்தான் பிரமை."

ஸ்க்ரூடிரைவரை வலது காதில் வைத்துப் பார்த்தார். இடது காதில் வைத்தார். மறுபடி வலது. "ஒண்ணியும் இல்ல" என்று நிமிர்ந்தபோது, எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் கத்தினார்:

"இன்னா நைனா, தையல் மிஷின் வாங்கிட்டியா?"

நான் சிரித்துவிட்டேன். நைனா என்னைப் பார்த்தார். "இன்னா சொல்றான் அவன்?"

சொன்னேன். அவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"நெஜமாவே சத்தம் வருதா?"

"வருது நைனா."

"போயி ஒரு கேஜு வாங்கிகினு வா" என்றார், தன் காதுக்கே கேட்காத குரலில்.

வாங்கி வந்தேன். இஞ்சின் ஆறியதும் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு ராக்கராக விரலால் ஆட்டிப் பார்த்தார். இரண்டு லொடலொடவென்று ஆடின. அவற்றின் நட்டுகளை அவரே சரியாக இறுக்காமல் விட்டிருந்தார். கேஜைச் செருகி, திருகி, நட்டை இறுக்கினார். இஞ்சினைப் போட்டதும் ஸ்க்ரூடிரைவரை என் காதில் வைத்தார்.

"இப்ப?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா நைனா."

நான் கிளம்பவிருந்தபோது, அவர் டயர்மேல் உட்கார்ந்து சொன்னார்: "இத்தமாரி இன்னும் எத்தினி வண்டிய அனுப்சனோ."

அடுத்த மூன்று ஞாயிறும் அந்த வண்டிகளைத் தேடிப் போனோம். கை அவருடையது, காது என்னுடையது. ஒரு குடியிருப்பின் வருகைப் பதிவேட்டில், வந்த காரணம் என்ற இடத்தில் 'சத்தம் கேட்க' என்று எழுதினேன். வாட்ச்மேன் எங்களை விட்டு விலகவே இல்லை. இன்னொரு வீட்டில் கார் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து, கேசரி கொடுத்து உபசரித்தார்கள். தின்று முடித்த பிறகே உண்மையைச் சொன்னோம். ஆறு கார்களில் இரண்டில் சத்தம் இருந்தது. இரண்டு வாசலிலும் நைனா கைகூப்பினார். "தப்பு என்னிதுதான்" என்று சொல்லி, அங்கேயே சரிசெய்து கொடுத்தார்.

போகும் வழியெல்லாம் நான் பேசினேன். நின்றுபோன கல்யாணப் பேச்சு, அப்பாவோடு பேச்சு விட்டுப்போனது, ஞாயிற்றுக்கிழமை என்றாலே வரும் பயம் எல்லாவற்றையும் சொன்னேன். நைனா சாலையைப் பார்த்தபடி தலையாட்டுவார். அவருக்கு டிக் டிக் மாதிரி பொடிச் சத்தம் மட்டும்தான் கேட்பதில்லை என்று நினைத்திருந்தேன். இவ்வளவு பொறுமையாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை.

கடைசியில் காது மிஷினுக்குச் சம்மதித்தார். முகப்பேரில் வாங்கி மாட்டிக்கொண்டு திரும்பும்போது, "இஞ்சின் எப்படி நைனா?" என்று கேட்டேன்.

"இஞ்சின் கெடக்குது சார். ஒன் கொரல் இவ்ளோ மெல்லிசா? வண்டில இத்தினி நாளா இன்னாதான் சொல்லிகினு வந்த நீ?"

காரின் வேகத்தைக் குறைத்தேன். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.