நவாபு சத்திரத்துக்கு உப்புப் போட்ட கதை

பொதுத்தொண்டில் இறங்க ஆசைப்படுகிறவன் முதலில் தன் மூக்கு வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல மனசு, உழைப்பு, தியாகம் எல்லாம் அப்புறம். எனக்கு அவை வண்டி வண்டியாக இருந்தன. மூக்குதான் இல்லை. (முகத்தில் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.)

ஆம்பூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெரு தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவில் இருந்தது. ஒரு பக்கம் பச்சைத்தோல் ஊறும் தொட்டி, இன்னொரு பக்கம் தோலிலிருந்து முடியைக் கழற்றும் சுண்ணாம்புக் குழி, தெருச் சாக்கடையில் ஆவாரம்பட்டைத் தண்ணீர். வெளியூர்க்காரர்கள் ரயில் எங்கள் ஊரை நெருங்கும்போதே ஜன்னலை இறக்கிவிடுவார்கள். நாங்களோ வேலூரில் இரண்டு நாள் தங்கினால் காற்றில் ஒன்றுமே இல்லையே என்று தலைவலி வந்து திரும்புகிற ஜாதி.

ஜெர்மன் யுத்தத்துக்கு முந்தி நடந்த சங்கதி இது. அப்போது நான் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டு ஒரு தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். தெருவில் வேறு யாரும் மெட்ரிகுலேஷன் தேறவில்லை. அந்தச் செய்தி யாருக்கும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வதே அப்போது எனக்கு முக்கியமான வேலை.

தெருக்கோடியில், ரஸ்தாவை ஒட்டி, நவாபு சத்திரம் என்று ஒரு பழைய கட்டடம் இருந்தது. எந்த நவாபு என்று கேட்டால், "நவாபுன்னா நவாபுதான்" என்பார்கள். பெரிய வாசல், உள்ளே முற்றம், முற்றத்தின் நடுவில் ஒரு கிணறு. சுவரில் பூச்சு உதிர்ந்து செங்கல் பல்லிளித்தது. ஆனால் கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு. தெருவிலிருந்த மற்ற கிணறுகளிலெல்லாம் தோல் ஷாப்புத் தண்ணீர் இறங்கி, குடித்தால் நாக்கே பதமாகிவிடும் போலிருந்தது. அதனால் எங்கள் தெருவில் அடுப்பெரியும் எல்லா வீட்டுக்கும் இந்தக் கிணறுதான் கதி. நவாபு தோண்டிய கிணறு என்பதால் யார் குடம் பட்டாலும் தீட்டில்லை என்று எந்தக் காலத்திலோ ஏற்பாடாகியிருந்தது. வேறெங்கும் ஒரே கயிற்றைத் தொடாதவர்கள் இங்கே ஒரே கயிற்றுக்குச் சண்டை போட்டார்கள்.

அந்தக் கிணற்றுக்கு மகாராணி ஜுலேகா பீ. கணவர் போனபின் பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தவர். யார் முதலில் இறைப்பது, யார் கயிற்றைக் கிணற்றுக்குள் நழுவ விட்டது என்ற வழக்குகளெல்லாம் அவரிடம்தான் தீரும். ஒருநாள் அவர் என் ஷாப்பு வாசலிலேயே வந்து நின்றார்.

"இன்னா கோயிந்து, ரோட்டை அகலம் பண்றாங்களாமே? சத்திரத்தை இடிச்சி, கெணத்தைத் தூத்துடுவாங்களாமே? நெஜமா?"

நிஜந்தான். ஜில்லா போர்டு என்ஜினியர் வந்து பார்த்து, பாழடைந்த கட்டடம் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது என்று ஊரில் பேச்சு. சொன்னேன்.

"அப்போ தண்ணிக்கு நாங்க பாலாத்துக்கா போறது? நீ படிச்சவனாச்சே. எதனா பண்ணுப்பா."

'படிச்சவனாச்சே' என்று ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அதற்கப்புறம் என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை.

அன்று சாயங்காலமே 'புராதனக் கட்டடப் பாதுகாப்பு வாலிபர் சபை' உதயமாயிற்று. நான் காரியதரிசி. சாதாரண அங்கத்தினராகச் சேர யாரும் ஒப்பாததால் தெருவிலிருந்த மற்ற எல்லோரையும் உபதலைவர்களாக்கினேன். வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. ஜும்மா தொழுகை முடிந்ததும் வேலையை ஆரம்பிப்பது என்று தீர்மானம். கட்டடத்தைப் புதுசு போலப் பூசி நிறுத்திவிட்டால், எந்த என்ஜினியர் அதைப் பாழடைந்தது என்று எழுதுவான்?

கொத்தனாருக்குக் கூலி கொடுக்க சபையிடம் வசதியில்லை. அது ஒரு குறையாகவே எனக்குப் படவில்லை. கொத்தனார் எதைக் கலக்கிறான்? சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர். இரண்டும் எங்கள் ஷாப்பில் தோலுக்குப் போடுகிற சரக்கு. குழியிலிருந்து அள்ளிக் கொட்டுகிற பழைய சுண்ணாம்பு வெளியே மலையாகக் குவிந்து கிடந்தது. முதலாளி, "கொண்டுபோங்கப்பா, இடம் காலியாகும்" என்று சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார். அதில் ஆட்டு முடியும் மாட்டு முடியும் கொஞ்சம் கலந்திருந்தது. (கொஞ்சம் என்றால், ஒரு கம்பளி நெய்யலாம்.) பிடிமானத்துக்கு நல்லது என்றேன்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திருக்காது. ஆனால் எனக்கு யோசனை வந்துவிட்டது.

வடக்கேயிருந்து ரயிலில் வரும் பச்சைத்தோல் வழியில் அழுகாமல் இருப்பது எதனால்? உப்பால். செத்த மாட்டின் தோலையே உப்பு காப்பாற்றுகிறது என்றால், நிற்கிற கட்டடத்தைக் காப்பாற்றாதா? தோலை உதறும்போது விழுந்த உப்பு ஷாப்பில் மூட்டை மூட்டையாக இருந்தது. அதைச் சுண்ணாம்பில் கலக்கச் சொன்னேன்.

சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த ரஹ்மத், என் தோஸ்த், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஏம்பா, சொவுரு இன்னா தோலா?"

"கல்லு ஒடம்புடா, சுண்ணாம்புதான் அதுக்குத் தோலு" என்றேன். இது எனக்கே மிகவும் பிடித்துப்போய், எல்லா உபதலைவர்களிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னேன்.

"அப்ப சரி" என்று ரஹ்மத் கலக்க ஆரம்பித்தான். நான் சொன்னது புரிந்தா, என்னோடு பேசி மாளாது என்றா என்று இன்றுவரை அவன் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். சாக்கடைத் தகராறில் பல வருஷம் முகம் பார்க்காத இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே சாரத்தில் நின்று பூசினார்கள். மாதா கோவில் தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெண்கள் கை மாற்றிக் கை மாற்றிக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஜுலேகா பீ ஒரு அண்டா நிறைய நன்னாரி சர்பத்து கலக்கி வைத்து, வேலை செய்கிறவனுக்கு ஒரு டம்ளர், வேலை ஏவுகிறவனுக்கு அரை டம்ளர் என்று சட்டம் போட்டார். நான் அரை டம்ளர்க்காரன்.

பூச்சு காய்ந்ததும் சத்திரம் வெள்ளை வெளேரென்று நின்றது. அதிலிருந்து எழுந்த வாசனையில் பறக்கிற காக்காய் விழுந்திருக்க வேண்டும். எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீடு எப்படி மணக்குமோ அப்படியே மணந்தது.

முதலில் வந்தது ஒரு வெள்ளாடு. மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுவரை ஒரு நக்கு நக்கியது. கொஞ்சம் யோசித்தது. மறுபடி நக்கியது. பிறகு எங்கோ அவசரமாகப் போயிற்று. உறவுக்காரர்களுக்குச் சொல்லத்தான் போயிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வாரத்துக்குள் சுற்றுவட்டாரத்து மாடுகளெல்லாம் வந்து சேர்ந்தன. பசு, எருமை, வண்டி மாடு, ஒரு கோவில் காளை. மாடுகளைக் கண்டாலே தோலாகக் கணக்குப் போடுகிற ஊருக்கு, மாடுகள் தாமாகவே தேடி வந்தன. உபதலைவர்கள் முறை போட்டு விரட்டினார்கள். விரட்டினால் மரியாதையாகக் கொஞ்சம் விலகி நின்று, ஆள் அசந்ததும் விட்ட இடத்திலிருந்து நக்கின. மாட்டு நாக்கு சாதாரண நாக்கல்ல. சுவரின் கீழ்ப்பாதி வரைக்கும் பூச்சு கரைந்து மறுபடி செங்கல் தெரிந்தது.

என்ஜினியர் வருகிற நாளும் வந்துவிட்டது. காலையிலேயே சத்திரத்தைச் சுற்றி மாடுகள் பந்தி உட்கார்ந்திருந்தன.

"பேஜார் ஆய்டுச்சே கோயிந்து! இன்னா பண்ணலாம்?" என்றான் ரஹ்மத்.

தலைவன் என்பவன் நெருக்கடியில்தான் தெரிவான். "எல்லாத்தையும் உள்ள முத்தத்துல ஓட்டிக் கதவைச் சாத்துங்க. அவரு வெளியே பாத்துட்டுப் போய்டுவாரு" என்று உத்தரவிட்டேன். மாடுகள் எந்த ஆட்சேபமும் சொல்லாமல் உள்ளே போயின. உட்சுவரையும் நாங்கள்தானே பூசியிருந்தோம்.

என்ஜினியர் மதராஸ்காரர். ஜட்கா தெருமுனையில் திரும்பும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். இறங்கி வாசலுக்கு வருவதற்குள் இரண்டாவது கைக்குட்டையும் வெளியே வந்துவிட்டது. ஜலதோஷம் போலிருக்கிறது, பாவம், என்று நினைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கையை நீட்டிச் சுவரைத் தடவினார். கையைப் பார்த்தார். அதில் ஒரு கொத்து முடி இருந்தது.

"என்னய்யா இது, சுவத்துல முடி முளைச்சிருக்கு?"

நான் ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்த பிரசங்கத்தைத் தொடங்கினேன். "கனம் பொருந்திய என்ஜினியர் அவர்களே, பூர்வீகத்தில் நவாபின் படைகள் இளைப்பாறிய இந்தப் புனிதமான..." என்பதுவரை வந்தது. உள்ளேயிருந்து கோவில் காளை அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தது. தொடர்ந்து மற்றவையும் கொடுத்தன. என்ஜினியர் கதவைத் தள்ளினார்.

முற்றம் நிறைய மாடு. ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் சுவரைப் பார்த்து நின்று நக்கிக்கொண்டிருந்தன.

"ஓ, பவுண்டா?" என்றார் அவர். பயிர் மேய்ந்த மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு திரிகிற மாட்டையும் பிடித்து அடைக்கும் சர்க்கார் பட்டிக்கு எங்கள் பக்கத்தில் பவுண்டு என்று பெயர்.

புராதனச் சின்னத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "இல்லீங்க ஐயா, இது சரித்திரப் பிரசித்தி பெற்ற..." என்று வாயைத் திறந்தேன்.

"ஆமா சாப்! பவுண்டுதான்!" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஜுலேகா பீ, இடுப்பில் குடத்தோடு. "எங்க மாமியாக் காலத்துலேருந்தே பவுண்டு. மாட்டுக்குத் தண்ணி காட்டத்தான் அந்தக் கெணறு."

"பீம்மா, நம்ம சரித்திரம்..." என்றேன்.

"கம்முனு இருடா" என்றார், உதடு அசையாமல்.

என்ஜினியர் முகத்தில் முதன்முதலாக ஒரு நிம்மதி தெரிந்தது. "பவுண்டுன்னா போர்டு சொத்தாச்சே. இடிக்கணும்னா மேலே எழுதணும், வேற எடம் பாக்கணும், எத்தனை தொல்லை! ரோட்டைக் கொஞ்சம் வளைச்சுட்டாப் போறது" என்று கைக்குட்டைக்குள் சொல்லிக்கொண்டே ஜட்காவை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்று, "பவுண்டுக்குக் காவல் யாரு?" என்று கேட்டார்.

சபையின் உபதலைவர்கள் அத்தனை பேரும் ஒரே மனதாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். எல்லா விரலும் என்னைக் காட்டின.

இப்படித்தான் ரஸ்தா எங்கள் தெருக்கோடியில் இன்றைக்கும் ஒரு வளைவு வளைகிறது. நான் மெட்ரிகுலேஷன் தேறிய மாட்டுக் காவலனாகப் பல வருஷம் சம்பளமில்லாமல் சேவை செய்தேன். மாடுகள் தாமாக நடந்து வந்து அடைபட்ட பவுண்டு இந்த தேசத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமைக் கூட்டம் மட்டும் கலையவில்லை. கிணற்றைத் தூர் வாரினோம், வாசல் வளைவை நிஜக் கொத்தனாரை வைத்துச் சரி செய்தோம். கலவை கலக்கும் நாட்களில் என்னை வேறு வேலையாக அனுப்பிவிடுவார்கள்.

போன வருஷம் பவுண்டை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். சத்திரத்துக்கு மறுபடி ஆபத்து என்று நாங்கள் கலங்கிக்கொண்டிருந்தபோது, மதராசிலிருந்து ஒரு சரித்திர ஆராய்ச்சிக்காரர் வந்து சேர்ந்தார். மாட்டு நாக்கு எட்டாத உயரத்தில் எங்கள் பூச்சு அப்படியே இருந்தது. ஏணி போட்டு ஏறி, பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். இறங்கும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன. (வாசனையாகவும் இருக்கலாம்.)

"முடியும் உப்பும் சேர்த்த பூச்சு! நவாபு காலத்துக் கைவேலை. நான் வேற எங்கயும் பார்த்ததில்லை. இதை யாரும் தொடக் கூடாதுன்னு எழுதிடறேன்" என்றார்.

தெரு முழுக்க நின்றிருந்தது. ரஹ்மத் ஆகாயத்தைப் பார்த்தான். நரைத்துப்போன ஜுலேகா பீ என் முழங்கையைக் கிள்ளினார். இந்தத் தடவை எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "ஆமாங்க, நவாபு போட்ட பூச்சுதான்" என்றேன்.

அவர் எழுதினார். கிணறு பிழைத்தது. என் பெயர்தான் போயிற்று. இப்போதெல்லாம் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற அன்று, என் மனைவி என்னை மக்கன் பேடா மிட்டாய் வாங்கிவர ஆற்காட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். வெள்ளை காய்ந்த பிறகுதான் வர வேண்டும் என்று கண்டிஷன். நான் பொட்டலத்தோடு தெருமுனையில் திரும்பும்போது, என் பிள்ளைகள் வாசலிலிருந்து உள்ளே பார்த்துக் கத்துவார்கள்: "அம்மா, நவாபு வர்றாரு! மாட்டைப் புடிச்சிக் கட்டு!"