மச்சானைக் குப்பையில் போட்டவர்

இன்னும் கிட்ட வந்து உக்காருங்க. சத்தமாகச் சொன்னால் ஆர்.எஸ்.புரம் லட்சுமணசாமி காதில் விழுந்துவிடும், மனுசன் பாவம்.

தொண்ணூற்றொன்பதாம் வருசம். உலகக் கோப்பை கிரிக்கெட் வரப்போகிறது! லட்சுமணசாமி கிரைண்டர் செய்து மலேசியா வரைக்கும் அனுப்புகிறவர். அதற்காகவே வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டர், இமெயில் எல்லாம். அவருக்கு ஒற்றை விரல்தான் ஓடும். மெயில் தட்டுவதெல்லாம் சம்சாரம் ஜெயக்கொடிதான்.

அவருக்கு இருந்த ஒரே பயம், ஜெயக்கொடியின் அண்ணன் கதிரேசன். சிங்கப்பூர்க்காரர். அங்கே பள்ளிக்கூட லீவு விட்டால் இங்கே குடும்பத்தோடு வந்து இறங்குவார். ஈசி சேரில் சாய்ந்தால் எழமாட்டார். ஆட்டம் சூடு பிடிக்கும்போதுதான் ரிமோட்டை எடுத்துச் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றுவார். ஆனால் மானஸ்தர். "வரட்டுமா?" என்று மெயில் போடுவார், பதில் வந்தால்தான் டிக்கெட் எடுப்பார்.

அங்கேதான் பிடித்தார் லட்சுமணசாமி! கம்ப்யூட்டர் தெரிந்த பக்கத்து வீட்டு அப்துல் வஹீதைக் கூட்டிவந்தார்.

"வழுக்கையில முடி முளைக்கும், லாட்டரி உழுந்துருச்சுன்னு ஒரே கண்ட கண்ட மெயிலுங்க பாய்."

"நம்பிக்கையான ஆளுங்க விலாசத்தை மட்டும் இந்த லிஸ்ட்டுல போட்டு வெச்சிருங்க. மத்ததெல்லாம் நேரா குப்பைப் பெட்டிக்குப் போயிரும்."

லட்சுமணசாமி குரலை இறக்கினார். "மச்சான் விலாசத்தைப் போடாம உட்டா?"

"மச்சானும் குப்பைதானுங்க!"

காபி கொண்டுவந்த ஜெயக்கொடி தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

ரெண்டொரு நாளில், பொழுது சாயும் நேரம், குப்பைப் பெட்டியைத் திறந்தார். ஆகா! முடி முளைக்கும் தைலத்துக்குப் பக்கத்தில் கதிரேசன்! அழிக்கக் கையை ஓங்கினார்.

"ஏனுங்க! என்ன பண்றீங்க?"

"குப்பை கொட்டறேன் அம்மணி."

"விளக்கு வெச்சாச்சுங்க! இந்நேரத்துக்கு யாராவது ஊட்டுக் குப்பைய வெளிய கொட்டுவாங்களா? மகாலட்சுமி போயிருவா!"

"இது கம்ப்யூட்டர் குப்பை!"

"மலேசியா ஆர்டரும் அந்தக் கம்ப்யூட்டர்லதானுங்க வரோணும்?"

லட்சுமணசாமி கையை எடுத்துக்கொண்டார். விடிந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் அழித்தார். மதியமே மலேசியா ஆர்டரும் வந்தது!

"உங்கண்ணன் இந்த வருசம் ஒரு மெயில்கூடப் போடலையே?" என்று உச்சுக்கொட்டினார்.

"என்ன பண்றதுங்க, அவருக்கு என்ன சோலியோ," என்றாள் ஜெயக்கொடி.

முதல் ஆட்டம். ஈசி சேர், ரிமோட், ஒரு தட்டு முறுக்கு. அப்போதுதான் வாசலில் டாக்சி நின்றது.

"மாப்ளே! உங்க மெயிலைப் படிச்சு அழுதேபோட்டேனுங்க!"

"என்ற... மெயிலா?"

"'பத்து நாள்ல ஓடிராதீங்க மச்சான், லீவு முடியற மட்டும் இருந்துதான் போகோணும், ஈசி சேர் உங்களைத் தேடுது'ன்னு எழுதியிருந்தீங்களே! பொறந்த தம்பிகூட இப்படி எழுதமாட்டானுங்க!"

லட்சுமணசாமி மெதுவாகத் திரும்பி வீட்டுக்காரியைப் பார்த்தார். அவள் பக்கத்தில் வந்து குசுகுசுத்தாள்.

"என்ற மூக்குத்தித் திருகாணி ஒருக்கா கூட்டுன குப்பையோட போச்சில்லீங்க? அன்னையிலிருந்து, ராத்திரி நிக்கற குப்பைய விடியறதுக்குள்ள ஒருக்காக் கிளறிப் பாத்துருவேன்."

டிவியில் பவுலர் முதல் பந்து போட ஓடிவந்தான். ஜெயக்கொடி புருசன் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, முந்தானையில் ஒரு துடை துடைத்து, அண்ணன் கையில் கொடுத்தாள்.