படிக்கட்டடிப் பழம்பீர்ப் போர்

பார்வை வழங்கும் வேந்தே, வணக்கம்! கிட்டப்பார்வை என்னும் கொடும்பகைவனைக் குழிவில்லையால் வீழ்த்தியவரே, தூரப்பார்வை என்னும் அவன் தம்பியைக் குவிவில்லையால் துரத்தியவரே, நாற்காலியில் அமர்ந்தவர் நாசிமேல் இரும்புச் சட்டம் ஏற்றி, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று காலை முதல் மாலை வரை ஓயாது வினவும் ஒப்பற்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரே! உம் கீர்த்தி வாழ்க! உம் கடைப் பெயர்ப்பலகை துருவேறாது வாழ்க! ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், உமது இல்லத்துச் சாப்பாட்டு மேசையில், உமது மனையாள் நடுவிருக்க, உமது மைத்துனனோடு நீர் பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தேன். நாவினால் நிகழ்ந்த போராதலின், என் நாவுக்கு நாவே துணை.

அவ்வில்லத்து மாடிப்படியின் அடியில், குனிந்தார்க்கு மட்டுமே வழிவிடும் குறுங்கதவு ஒன்று உண்டு. அதனுள்ளே கதிரவன் கால்வைத்ததில்லை. கோடையும் வாசல்வரை வந்து, எட்டிப் பார்த்து, திரும்பிவிடும். அக்குகையின் மரப்பலகை அடுக்கிலே தோளோடு தோள் உரச நிமிர்ந்து நின்றது ஒரு சேனை: கரும்பச்சைக் கண்ணாடிக் கவசம் பூண்டு, கழுத்திலே கம்பிக் காப்பும் தலையிலே தக்கைக் கிரீடமும் தரித்து, தொலைதூர நிலவறைகளில் தவம் தொடங்கி இங்கே தவம் தொடரும் பழம்பீர்ப் பாட்டில்களின் சேனை. “வாங்கின உடனே குடிச்சிடாதீங்க சார். இருட்டுல நிக்க வைங்க. வருஷம் ஆக ஆகத்தான் இதுக்கு மவுசு” என்று விற்றவர் ஓதிய மந்திரத்தை வேந்தர் எழுத்துப் பிசகாமல் காத்துவந்தார்.

காத்தார் என்பது சிறிய சொல். சொந்தக் கடை திறந்த நாளில் ஒரு பாட்டிலைத் திறக்கலாமா என்று எண்ணினார். “இன்னும் ஒரு வருஷம் ஆகட்டும்” என்றார். மகள் வேலைக்குச் சேர்ந்தாள் என்று தொலைபேசி வந்தபோதும் குகைவாயில் வரை சென்றார். இன்னும் ஒரு வருஷம் என்று திரும்பினார். மனைவி கடுங்காய்ச்சலிலிருந்து எழுந்து நடந்தபோது அவர் கை தக்கையையே தொட்டுவிட்டது. ஆயினும், இதைவிடப் பெரிய மகிழ்ச்சி ஒருகால் வந்துவிட்டால் என் செய்வது என்ற தொலைநோக்கு அக்கையைத் தடுத்தது. ஓய்வுநாள்தோறும் கைவிளக்கோடு குகை புகுந்து, ஒவ்வொரு வீரனையும் கண்ணாடி துடைக்கும் மென்துணியால் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்தி, அடியில் படிந்த வண்டலைக் கண்டு உள்ளம் பூரித்து வெளிவருவார். அச்சேனையில் ஒரு வீரனின் சுவை எத்தகையது என்பதை மட்டும் அவர் அறியார்.

அக்குகையின்மேல் கண்வைத்தாள் பேரரசி. ஊசிமுனையால் உலகை மடக்கித் தைப்பவள், திரைச்சீலை தைப்பதில் திசையெட்டும் நிகரற்றவள், நூல் அறுந்தால் அன்றி எதற்கும் நிற்காதவள். அவளை நாடி அவ்வாரம் வந்தது ஒரு பெரும்பணி: புதிதாய்த் திறக்கவிருந்த மருத்துவமனை ஒன்றின் எல்லா ஜன்னல்களுக்கும் திரை. வந்திறங்கின இளநீலத் துணிச்சுருள்கள். கூடத்தை வென்றன, கட்டிலைக் கைப்பற்றின, சாப்பாட்டு மேசையின் பெரும்பகுதியைத் தம் கொடியின்கீழ்க் கொணர்ந்தன. எஞ்சிய ஓரத்தில் தட்டு வைத்து, நாற்காலியும் பறிபோனமையால் ஒரு துணிச்சுருளின் மீதே அமர்ந்து உண்டுகொண்டிருந்த நம் வேந்தரிடம் அரசி உரைத்தாள்:

“என்னங்க, மாடிப்படிக்கு அடியில இருக்கிற ரூமை எனக்கு ஒழிச்சுக் குடுங்க.”

“அங்க பீர் இருக்கே.”

“இருந்தா? அதென்ன வாடகை குடுத்துட்டா இருக்கு?”

விண் அதிரவில்லை, மண் பிளக்கவில்லை, வேந்தர் கைக்கவளம் மட்டும் வாய்க்கு அரைச்சாண் தொலைவில் நின்றது.

அக்கணத்திலே, சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்தபடி வெளிப்பட்டான் அரசியின் இளவல். குளிர்சாதனப் பெட்டிகளின் குலவைத்தியன். உறைநிலையின் உற்ற தோழன். அவன் கை பட்டால் செத்த கம்ப்ரசரும் எழுந்து உறுமும். ஊரார் அவனுக்கு இட்ட பெயர் ‘கூலிங்’. தமக்கையின் ஃப்ரிட்ஜ் கதவுக்குப் புது ரப்பர் மாட்ட வந்தவன், வேலை முடிந்ததும் அருந்தலாம் என்று தெருமுனைக் கடையில் வாங்கிய சாதா பீர் ஒன்றை அதே ஃப்ரிட்ஜில் ஒளித்துவைத்திருந்தான். பீரைப் பற்றி அவன் கொண்டிருந்த தத்துவம் சுருக்கமானது: சில்லென்று இருக்க வேண்டும், மற்றதெல்லாம் லேபிள்.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. கண்ணைக் கட்டிட்டுக் குடிச்சா உங்க பீரும் என் பீரும் ஒண்ணுதான். காசைக் கொண்டுபோய் இருட்டுல நிக்க வச்சிருக்கீங்க.”

எழுந்தார் வேந்தர். பிடரி சிலிர்த்த சிங்கம் குன்றின் உச்சியில் எழுவதுபோல் துணிச்சுருளினின்று எழுந்தார். காலம் என்னும் கொல்லன் உலைக்களத்தில் தட்டித் தட்டி இழைத்த பழமையையும், நேற்றுப் பிறந்து இன்று லாரியேறி வந்த புதுமையையும் ஒருதட்டில் வைக்கத் துணிந்த பேதைமையை எண்ணிச் சினந்து, அண்டம் கிடுகிடுக்கும் ஒரு பிரகடனத்தை நெஞ்சுக்குள் உருவாக்கினார். வாய்வழி வந்தது இது:

“சரி மாப்ளே, பார்த்துடலாம்.”

போர்விதிகளை அரசி வகுத்தாள். “பழசு நல்லா இருந்தா ரூம் உங்களுக்கே. புதுசு நல்லா இருந்தா எனக்கு. ரெண்டும் ஒண்ணா இருந்தாலும் எனக்குத்தான்.” மூன்றாம் விதியின் ஆழத்தை அவ்வேளை இருவருமே அளந்தாரில்லை.

முதற்பூசல் வெப்பநிலை பற்றி மூண்டது. “ஐஸ்ல வச்சா இதோட வாசனை செத்துடும்” என்றார் வேந்தர். “வெதுவெதுன்னு குடிச்சா நானே செத்துடுவேன்” என்றான் கூலிங். அரசி ஒரு வாளியில் குழாய்த்தண்ணீர் பிடித்து, இரு தரப்பையும் அதில் நிறுத்தி, இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்வரை கீழ்விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னர்த் தொடங்கிற்று தக்கை முற்றுகை. சேனையில் மூத்தவனை மடியில் ஏற்றி, கழுத்துக் கம்பியை முறுக்கவிழ்த்து, கட்டைவிரல் இரண்டாலும் உந்தினார் வேந்தர். தக்கை அசைந்திலது. முழங்கால் இரண்டிடையே பாட்டிலைச் சிறைப்பிடித்து இழுத்தார். அவர் முகம் செங்காந்தளாய்ச் சிவந்தது, காதுகள் அதனினும் சிவந்தன. தக்கையோ பகையரசன் கோட்டைக் கதவென இறுகிக் கிடந்தது. தக்கை திருகும் திருகாணி வந்தது. பாதித் தக்கை திருகாணியோடு வந்தது; மீதிப் பாதி ‘வரமாட்டேன்’ என்று உள்ளே இருந்துவிட்டது. இறுதியில் கரண்டிக் காம்பால் அதை உள்ளே தள்ளியபோது, இத்தனை ஆண்டுத் தவத்தின் முடிவில் இடி முழங்கும் என்று எதிர்பார்த்த செவிகளில், பேருந்தைத் தவறவிட்டவர் பெருமூச்சுப்போல் ‘ப்சு’ என்றோர் ஒலி விழுந்தது. தக்கைத் துகள்கள் கறுத்த கடலில் கவிழ்ந்த கலங்களென மிதந்தன.

அரசி டீ வடிகட்டியோடு வந்தாள்.

“டீ வடிகட்டியா?” வேந்தரின் குரல் உடைந்தது.

“கழுவித்தான் வச்சிருக்கேன்.”

பின்பு, நிறம் காட்டிக்கொடுக்கும் என்பதால், இளநீலத் திரைத்துணியில் இரு கீற்றுக் கிழித்து இரு வீரர் கண்களையும் கட்டினாள். உலகுக்கெல்லாம் பார்வை அளந்தவர் உலகு காணாது அமர்ந்தார். பூப்போட்ட கோப்பைகள் நான்கு நிரம்பின. ஆளுக்கு இடக்கையில் ஒன்று, வலக்கையில் ஒன்று. பாவம் அறியாக் குரலில் அரசி கேட்டாள்:

“இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா?”

முதலில் பருகியவர் வேந்தர். இடக்கோப்பையிலிருந்து ஏதோ ஒன்று கனத்த காலெடுத்து அவர் நாவில் நடந்தது. ஊறிய திராட்சையோ, பூட்டிவைத்த அலமாரியோ, சோயா சாஸோ என்று அவர் நா திகைத்தது. நுரை இல்லை, துள்ளல் இல்லை. ‘மாப்ளே வாங்கிய பீர் கெட்டுப்போயிருக்கிறது, பாவம்’ என்று இரங்கினார். வலக்கோப்பையைப் பருகினார். ஆகா! தாகம் எரிந்த நண்பகலின்மேல் தூறல் விழுந்தது; சின்னஞ்சிறு குமிழிகள் தொண்டையில் கைகொட்டி ஓடின. வலக்கையை வாளென உயர்த்தினார்.

“இது! சந்தேகமே இல்லை. என்ன சுத்தம், என்ன தெளிவு! வருஷக்கணக்கா ஊறினா இப்படித்தான் இருக்கும். காசுன்னா இதுக்குக் குடுக்கணும் காசு!”

அரசி தம்பி பக்கம் திரும்பினாள்.

இப்போது கூலிங்கின் முறை. அவனுக்கோ ஐயம் எழ வழியே இல்லை. வாழ்நாளெல்லாம் பழகிய சாதா பீர் வலக்கையில் இருப்பதை முதல் மடக்கிலேயே அறிந்தான். மாமா எங்கே வழுக்கி விழுந்தார் என்பதையும் அறிந்தான். வலக்கையைத் தூக்கினால் போதும்: தமக்கைக்கு அறை, தனக்கு வெற்றி. ஆனால் இடக்கோப்பை அவன் உதட்டைவிட்டு அகல மறுத்தது. கருகுவதற்கு ஒரு நொடி முன் இறக்கிய சர்க்கரைப்பாகின் மணம். அதன்பின் உலர்ந்த பழம். அதன்பின், விழுங்கிய பிறகும் நெஞ்சில் நின்றுகொண்டு, போகட்டுமா என்று கேட்கும் ஓர் இளஞ்சூடு. சில்லென்ற கொள்கைக்கும் சிலிர்த்த நாவுக்கும் இடையே அவனுள் மூண்ட போரில் இரு புறமும் பேரிழப்பு. மீண்டும் ஒரு மடக்கு. மீண்டும் ஒன்று. பொய்சொல்ல வாய் திறந்தான்; வாய்க்குள் அந்தச் சுவை இருந்தமையால் பொய் வெளிவரவில்லை.

“அக்கா,” என்றான் மெல்ல, இடக்கையை நீட்டி. “எனக்கு இது. இன்னும் கொஞ்சம் ஊத்து.”

கட்டுகள் அவிழ்ந்தன. தம் வலக்கோப்பையின் அடியில் பொன்மஞ்சளாய் ஒளிர்ந்த மிச்சத்தைக் கண்டார் வேந்தர். மைத்துனன் கோப்பையின் கருமையைக் கண்டார். கழற்றிவைத்திருந்த கண்ணாடியைத் துடைத்து மாட்டி மறுபடி கண்டார், நிறம் மாறவில்லை.

“மாமா, இது ஒரு பாட்டில் என்ன விலை?”

சொன்னார். கூலிங் கோப்பையைப் பச்சைக்குழந்தையை இறக்குவதுபோல் இரு கைகளாலும் மேசையில் இறக்கினான். “அந்தக் காசுல நம்ம பீர் ஒரு பெட்டியே வருமே!” நெடுநேரம் அதைப் பார்த்திருந்தான். மறுபடி எடுத்தான். “ஆனா குடுக்கலாம் மாமா. வருஷத்துக்கு ஒருவாட்டி, கண்ணை மூடிட்டுக் குடுக்கலாம்.”

“எனக்கு சோயா சாஸ் மாதிரி இருந்துச்சு” என்றார் வேந்தர். சொல்லும்போது, கைவிளக்கும் மென்துணியுமாய்க் குகைக்குள் குனிந்து கழித்த ஓய்வுநாள்கள் எல்லாம் வரிசையாய் அவர்முன் வந்து, தலைகுனிந்து நின்றன. கடை திறந்த நாள் நின்றது. மகள் தொலைபேசி நின்றது.

அரசி அருகே வந்து அமர்ந்தாள். அவள் குரலில் பகடி இல்லை. “உங்களுக்குக் குடிக்கப் புடிக்கலை. வச்சிருக்கப் புடிச்சிருந்துச்சு. அவ்வளவுதானே?”

வேந்தர் மேசைமேல் சிந்திய ஒரு துளியை விரலால் இழுத்தார். பின், வீழ்ந்த மன்னனும் விதியை நாடுவான் ஆதலின், “பழசுக்கு ஒண்ணு, புதுசுக்கு ஒண்ணுன்னு ஓட்டு ஆயிடுச்சு. நீ குடிச்சுச் சொல்லு” என்றார். அரசி இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் பருகி முகம் சுளித்தாள்.

“ரெண்டும் கசக்குது. ரெண்டும் ஒண்ணுதான்.”

மூன்றாம் விதி எழுந்து நின்று தன் உருவத்தைக் காட்டியது.

ஒழிந்தது குகை. கரும்பச்சைக் கவசம் பூண்ட சேனை, ஒவ்வொருவனாகத் திரைத்துணித் துண்டில் பொதியப்பட்டு, கேஸ் சிலிண்டருக்கும் கருவிப்பெட்டிக்கும் நடுவே கூலிங்கின் வண்டியேறிற்று. வழியனுப்ப நின்ற வேந்தர், இறுதி ஆணையாக, “பத்து டிகிரிக்குக் கீழ இறக்கிடாதே!” என்று முழங்கினார்; வாழ்நாளெல்லாம் உறைநிலையையே தொழுத அவ்வீரனும், “இதுக்குன்னே தனியா ஒரு ஃப்ரிட்ஜ் செட் பண்றேன் மாமா” என்று வணங்கி வண்டியை எடுத்தான். துணிச்சுருள்கள் குறுங்கதவு வழியே அணியணியாய் நுழைந்தன. கட்டில் விடுதலை பெற்றது. சாப்பாட்டு மேசை தன் நான்கு மூலைகளையும் மீண்டும் கண்டது.

அந்தி சாய்ந்தது. சேனையிழந்த வேந்தர், படைவீடு பறிபோன பேரரசர், ஆண்டாண்டாய்க் காத்த பெருஞ்செல்வம் தம் நாவுக்கே பகையெனத் தெளிந்த அந்தத் தனிப்பெருந்துயரர், வீட்டு வாசற்படியில் நின்று செவ்வானத்தை நோக்கினார். இனி உலகைத் துறந்து வனம் புகுவாரோ, இழந்த குகையை மீட்க இன்னொரு படை திரட்டுவாரோ, அன்றிச் சுவையென்பதே மாயை என்று உணர்ந்து ஊழிக்காலம் வாய்மூடி நிற்பாரோ என்று எட்டுத்திக்கும் மூச்சடக்கிக் காத்திருக்க, நெடிய மூச்சொன்றை வாங்கி, தோளை நிமிர்த்தி, வலக்காலை முன்வைத்தார்.

தெருமுனைக் கடைக்குப் போய் ரெண்டு சாதா பீர் வாங்கிட்டு வந்தார்.