உங்கள் பிள்ளை ஆபத்தில் உள்ளார்

கொழுந்து மலையிலிருந்து பள்ளிக்கூடம்வரை பதினாறு தாய்மாரை மழையில் ஓடவைத்தவள் நான். அதுவும் ஒரே ஒரு விரலால். இதைத் தட்டச்சு செய்யும்போதுகூட அந்த விரலை மட்டும் கொஞ்சம் தூக்கியே வைத்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பெரகலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தரம் ஆறுக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்த லயத்து வரிசைவீடு வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். அம்மா அப்போதும் அதே தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் பதுளையில் மூன்று நாள் பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்தேன். பாடத்தை எப்படி வடிவமைப்பது, செயலிகளை வைத்துப் பிள்ளைகளை எப்படி ஆர்வமாகப் படிக்கவைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். கொடுத்த தாளில் முதல் படியே ‘உங்கள் மாணவரை அறிந்துகொள்ளுங்கள்’ என்பதுதான். அதற்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டுவிட்டு இரண்டாம் படிக்குத் தாவிவிட்டேன். (இந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கே இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளைத் தெரியாதா என்ன!)

மறு வாரமே வகுப்பை ஒரு செயலிக்குள் ஏற்றினேன். பின்னக் கணக்குகளை விளையாட்டாக மாற்றினேன். சரியான விடைக்கு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு கிரீடம். இருபத்திரண்டு பிள்ளைகளின் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் போட்டாயிற்று. எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்க, ‘சுகந்தி’ என்று என் பெயரிலேயே ஒரு மாணவியைச் சேர்த்து, அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். பிறகு அந்த மாணவியை மறந்தே போனேன்.

இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. திரையைத் திறந்தால் பதினாறு பெயர்கள் சிவப்பில். பின்தங்கும் பிள்ளைகளாம். பக்கத்தில் ‘பெற்றோருக்கு அறிவி’ என்று ஒரு பொத்தான். பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும் என்று பக்குவமாக ஏதாவது போகும் என்று நினைத்து அழுத்தினேன். அந்தச் செயலியோ ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் பேசுகிற ரகம்; படிப்பில் பின்தங்குவதை ஆங்கிலத்தில் ‘அட் ரிஸ்க்’ என்பார்களாம். பதினாறு தொலைபேசிகளுக்கும், அடியில் பிள்ளையின் பெயரையும் புள்ளியையும் சின்னதாகப் போட்டு, அது அனுப்பிய செய்தி இதுதான்:

‘உங்கள் பிள்ளை ஆபத்தில் உள்ளார். உடனே பாடசாலையைத் தொடர்புகொள்ளவும்.’

மண்சரிவில் மீரியபெத்த லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, எங்கள் பக்கத்தில் மழை நாளில் யாரும் அந்தச் சொல்லை விளையாட்டுக்குக்கூடச் சொல்வதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் ஒரு சரிவு இருக்கிறது.

மலையில் முதலில் யாருடைய போன் சத்தம் போட்டது என்று இன்றுவரை தெரியவில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒருத்தி வாசித்தாளாம். அவள் முடிப்பதற்குள் அடுத்த போன், அதற்கடுத்தது. கூடைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். (கங்காணியும் பின்னால் ஓடி வந்தார். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே ஓடியதாகப் பிறகு ஒப்புக்கொண்டார்.)

நான் கரும்பலகையில் மூன்றில் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். கதவு படாரென்று திறந்தது. மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குத் துணி சொட்டச் சொட்ட, திவ்யாவின் அம்மா செல்வராணி உள்ளே வந்து மகளைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டார். அவர் பின்னால் மற்றவர்கள். வகுப்பு முழுக்க அழுகை. பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் சேர்ந்து அழுதார்கள். சத்தம் கேட்டு வந்த பள்ளி அதிபர், என்ன ஏது என்று கேட்காமலே எல்லோரையும் மைதானத்துக்குப் போகச் சொன்னார்.

“ஒண்ணும் இல்லங்க! மண்ணு சரியலங்க!” என்று யாரும் வெளியேறுமுன் நான் கத்தினேன். “பிள்ளைங்க ஏழு நாளா ஆப்பைத் தொறக்கல. அதத்தான் அது ஆபத்துன்னு சொல்லிருச்சு.”

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செல்வராணி மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

“ஏழு நாளா போனு என் கூட மலையிலதான் டீச்சர் இருக்கு. ராவைக்கு அவுங்க அப்பா கொழும்புலேருந்து பேசுவாரு. புள்ள எப்பங்க தொறக்கும்?”

கையிலிருந்த சோக்கைக் கீழே வைத்தேன். திவ்யா அம்மாவின் பிடியிலிருந்து நழுவி, அதை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனாள். அம்மா வந்திருக்கிற பெருமையோ என்னவோ, மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் நாலில் ஒன்றை எழுதினாள்.

“நாலுல ஒண்ணுதான் சின்னது. ஒரு ரொட்டிய மூணு பேரு பிச்சா பெரிய துண்டு. நாலு பேரு பிச்சா சின்னத் துண்டு.”

“சரியாச் சொல்லுதா டீச்சர்?” என்று செல்வராணி என் பக்கம் திரும்பினார்.

“சரிதாங்க.”

“அப்பறம் என்னா ஆபத்து?”

வகுப்பில் பின்னத்தை மிக நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளை அவள்தான். செயலியில் அவளுக்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

அப்போதுதான் பதினாறாவது தாய் வந்து சேர்ந்தாள். என் அம்மா. தூரத்து மலையில் வேலையாம், அதனால் தாமதம். பிள்ளைகளையெல்லாம் விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து என் நெற்றியையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்தாள்.

“ஒனக்கு என்னாடி ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா. அது சும்மா போட்ட பேரு.”

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்க் கீழ்வரியையும் வாசித்தாள். “சுகந்தி. மொத்தப் புள்ளி, பூச்சியம்.” பிறகு நிமிர்ந்து, “டீச்சர் வேல பாக்குறதாத்தானேடி சொன்ன?” என்றாள்.

முதலில் சிரித்தது செல்வராணி. பிறகு அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும்.

அன்று இரவு பயிற்சித் தாளை எடுத்து, முதல் படிக்கு நான் போட்டிருந்த சரியைக் கோடு போட்டு அடித்தேன். அடுத்த வாரம் யார் வீட்டில் எத்தனை போன், யார் கையில், எந்த நேரத்தில் என்று ஒவ்வொரு லயமாகப் போய்க் கேட்டேன். பெரும்பாலான வீட்டில் ஒன்றுதான். செயலியைத் தூக்கி எறியவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே டேப்லெட்டில் அதைப் போட்டு, நாலு நாலு பேராக உட்காரவைத்தேன். விடையைத் தொடுமுன் நாலு பேரும் சண்டை போட்டு ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சண்டையில் அவர்கள் படித்தது, என் கிரீடங்களில் படித்ததைவிட அதிகம். பெற்றோருக்கான செய்தியை என் குரலிலேயே பேசி அனுப்பத் தொடங்கினேன். ‘ஆபத்து’ என்ற சொல் வராமல் பேச ஒத்திகை எல்லாம் பார்த்தேன்.

இரண்டு வருடம் கழித்து அப்புத்தளையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெண் எப்படி என்று அவர்கள் கேட்க, “நல்லாப் படிச்ச புள்ளதான். ஒரே ஒரு பூச்சியம்தான் வாங்கியிருக்கு” என்று அம்மா போட்டு உடைத்தாள். மாப்பிள்ளைக்கு முழுக் கதையையும் நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “அந்தப் புள்ள திவ்யா இப்ப எங்க படிக்குது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் சரி என்றேன்.

இப்போது அப்புத்தளை வீட்டில் நான் சோற்றைக் கருகவிட்டாலோ மாடிப்படியில் வழுக்கினாலோ, என் கணவர் என் அம்மாவுக்கு ஒரு செய்தி தட்டிவிடுவார்: ‘உங்கள் பிள்ளை ஆபத்தில் உள்ளார்.’ விளையாட்டு என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். பதில் எதுவும் அனுப்பமாட்டாள்.

அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாள்.