தூங்கினால்தான் நாற்காலி

சாரம் பகுதியில் பழைய நாற்காலி விற்கும் தூக்கக்கார பாய் அவர்களே, நீங்கள் வியாபாரியே இல்லை. வாங்க வருகிறவர்களை விரட்டுவதற்கென்றே கடை திறந்து வைத்திருக்கிறீர்கள். இதை எழுத்திலேயே சொல்கிறேன். நடந்ததை இந்தப் பத்திரிகை வாசகர்களும் கேட்கட்டும்.

என் மனைவிக்கு முதுகில் ஆபரேஷன். அதற்குப் பிறகு எந்த நாற்காலியும் அவளுக்குச் சேரவில்லை. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள். பார்க்கச் சகிக்காமல்தான் பாயின் தகர ஷெட்டுக்கு அவளை அழைத்துப் போனேன்.

உள்ளே எல்லாம் என் அப்பா வாலிபராக இருந்த காலத்து நாற்காலிகள். கால்கள் சீமைப் பாணியில் சரிந்திருக்கும். முதுகில் நம் ஊர்த் தாமரை. நடுவில் பிரம்புப் பின்னல். பின்னலின் கண்களில் வெயில் நுழைந்து தரையெல்லாம் புள்ளி புள்ளியாக மிதந்தது. தண்ணீருக்கடியில் நிற்பது போலிருந்தது.

பாயின் சட்டம் ஒன்றுதான். உட்கார்ந்து தூங்கிக் காட்டினால் நாற்காலி உங்களுடையது. கண்ணை மூடி நடித்தால் கண்டுபிடித்துவிடுவார். வாய் கொஞ்சம் திறக்க வேண்டுமாம். பெங்களூர் ஜோடி ஒன்று ஓட்டல் முகப்புக்கு எட்டு நாற்காலி கேட்டது. "எட்டுப் பேரைக் கூட்டிட்டு வாங்க, தூங்கட்டும்" என்று அனுப்பிவிட்டார்.

நானும் உட்கார்ந்தேன். இருந்த கோபத்தில் தூக்கமா வரும்? "நாற்காலியோட சண்டை போடுறீங்க சார். எந்திரிங்க" என்றார்.

மனைவி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, முகம் சுளித்து எழுந்தாள். ஷெட்டில் இருந்ததெல்லாம் தீர்ந்தது. அவள் கண் கலங்கியதும், பாய் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இதுல உக்காரும்மா."

சாய்ந்தாள். ஏதோ சொல்ல ஆரம்பித்தவள் பாதியிலேயே தூங்கிவிட்டாள். வாயும் திறந்திருந்தது. பாய் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி, ஷட்டரைப் பாதி இறக்கினார். வந்த ஆட்களைச் சைகையாலேயே துரத்தினார். நான் இருமினேன், என்னையும் வெளியே போகச் சொன்னார். வெயில் புள்ளிகள் அவள் புடவையில் மெல்ல நகர்வதை வாசலில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் விழித்ததும் வண்டியைக் கூப்பிடச் சொன்னார்.

"இது உங்களுதாச்சே பாய்?"

"அதான் தூங்கிட்டாங்கல்ல. அப்புறம் எப்படி என்னுது?"

இப்போது அவள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். போன வாரம் கடைக்கு வந்தேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் முதுகு விறைக்க, கண் சிவக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். கேட்டால் சிரித்து மழுப்புகிறீர்கள். அதெல்லாம் என்னிடம் செல்லாது. ஊர் அறிய இதே பத்திரிகையில் பதில் சொல்லுங்கள்: மத்தியானத்தில் நீங்கள் எதில் தூங்குகிறீர்கள், பாய்?