பம்பு மானேஜரின் முடியாத ஆட்டம்

பஞ்சர் ஒட்டிய பந்தை வைத்துக்கொண்டு துரைமார்களைத் திணறடித்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பம்பு மானேஜர். இதை மறுப்பவர்கள் அஸ்தம்பட்டிக்கு வந்து என்னோடு நேரில் வாதாடலாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்தில் இருப்பேன்.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து சேலத்துக்கு வந்து வாடகை சைக்கிள் கடை வைத்தவர். பெற்றவர்கள் வைத்த பெயர் போன வாரம் அவர் இறந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. கையில் எப்போதும் சைக்கிள் பம்பு இருக்கும். கல்யாணப் பந்தியில்கூட அதை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். எங்கள் ஃபுட்பால் டீமுக்கு அவர்தான் மானேஜர். லெஃப்ட் அவுட்டில் ஆடுபவரும் அவரே. ஐம்பது வயதாகியும் தன்னை டீமிலிருந்து நீக்க மானேஜருக்கு மனம் வரவில்லை.

பந்தும் அவருடையது. உள்ளே இருக்கும் ரப்பர்ப் பை எத்தனை முறை பஞ்சரானாலும் புதிது வாங்க மாட்டார். சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டுவதுபோல ஒட்டிவிடுவார். ஒட்டெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துபோய், நேராகப் போவது எப்படி என்பதையே அந்தப் பந்து மறந்துவிட்டது. எப்படி உதைத்தாலும் இடப்பக்கம் வளையும். வெளியூர் டீம்கள் அதைத் துரத்தித் துரத்தியே களைத்துவிடும். மானேஜர் இடது ஓரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாக நிற்பார்.

"நானெதுக்குங்க ஓடோணும்? எங்க சுத்துனாலும் கடைசில அது என்றகிட்டத்தானுங்க வரும்."

இப்படி இருக்கையில், நாங்கள் ஆடும் மைதானத்தில் டென்னிஸ் கோர்ட் போடப்போவதாக ஆபீசர்கள் கிளப் அறிவித்தது. எங்களுக்கு ஆட வேறு இடம் கிடையாது. மானேஜர் பம்போடு கிளப்புக்குள் நுழைந்தார். அங்கே செகரட்டரி ஒரு ரிட்டையரான தாசில்தார்.

"எங்க துரைமார் டீமை ஜெயிச்சுட்டு மைதானத்தை நீயே வச்சுக்கய்யா. தோத்தா மறுநாளே டென்னிஸ் வலைக்குக் கம்பம் நடுவோம்" என்று சிரித்தார் அவர்.

"பேச்சு மாற மாட்டீங்களே? அப்ப வாரேனுங்க" என்று வந்துவிட்டார் மானேஜர்.

ஆட்டத்தன்று அவர்கள் பூட்ஸோடும் புத்தம்புதுச் சீமைப் பந்தோடும் வந்தார்கள். நாங்கள் வெறுங்காலோடு. அந்தப் பந்து உதைத்த திசையிலேயே போயிற்று! அப்படியொரு அதிசயத்தை நாங்கள் கண்டதே இல்லை. கோல்கீப்பர் நான். வளையும் என்று நம்பி ஒரு பக்கம் பாய்வேன், அது நேராக உள்ளே போகும். பாதி ஆட்டத்துக்குள் மூன்று கோல்.

"ஏஞ்சாமி, பந்துக்கு வழி உட்டு மரியாத பண்றியா?" என்றார் மானேஜர்.

அந்த நேரத்தில் ஒரு துரை ஓங்கி உதைக்க, சீமைப் பந்து கருவேல வேலியில் விழுந்து புஸ்ஸென்று உயிரை விட்டது. அவர்களிடம் மாற்றுப் பந்து இல்லை. செகரட்டரி மானேஜரிடம் ஓடி வந்தார்.

"இதுக்கு ஒரு பஞ்சர் ஒட்டிக் குடுய்யா."

"தோலே கிழிஞ்சுபோச்சுங்களே. என்ற பந்து இருக்குதுங்க. அதுல ஆடலாமுங்க."

பிற்பாதியில் துரைமார்கள் பட்ட பாட்டைப் பார்க்க இரண்டு கண் போதவில்லை. ஒருவர் காற்றை உதைத்தார். இன்னொருவர் தம் டீம்காரரையே உதைத்தார். எங்களுக்கும் மூன்று கோல் விழுந்தது. மூன்றாவதைப் போட்ட வேகத்தில் மானேஜரும் கோலுக்குள் போய் விழுந்தார். நான்காவதற்கு அவர் காலைத் தூக்கும்போது செகரட்டரி ரெஃப்ரிக்குக் கண்ணைக் காட்ட, அவர் நேரம் முடியுமுன்னே விசில் ஊதிவிட்டார்.

"நீ ஜெயிக்கலையே" என்றார் செகரட்டரி.

"தோக்கவும் இல்லீங்களே. ஆட்டம் இன்னும் முடியலீங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு வாரமுங்க."

மறுநாள் நாங்கள் போனோம். துரைமார்கள் வரவில்லை. கம்பமும் கடப்பாரையுமாகக் கூலி ஆட்கள்தான் வந்தார்கள். "பாதி ஆட்டத்துல கம்பம் நட்டா கால்ல இடிக்குமுங்க" என்று சொல்லி, வெட்டிய குழியை மானேஜர் காலாலேயே மூடினார். அதற்கடுத்த நாளும் போனோம். அப்படியே எட்டு வருஷம். செகரட்டரி கம்பத்தோடு வருவார், மானேஜர் "இன்னும் முடியலீங்க" என்பார், கம்பம் திரும்பிப் போகும். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்கள். "வரட்டுமுங்க, எதிர்ப்பக்கம் ஆள் குறையுதுங்க" என்றார்.

போன வாரம் சுடுகாட்டிலிருந்து நாங்கள் திரும்பியபோது, அவர் சம்சாரம் பம்பை என் கையில் கொடுத்தார். "இது ஊட்ல இருந்தா அழுதுட்டே இருப்பேனுங்க. நீங்களே வெச்சுக்குங்க." நானும் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

மறுநாள் ஐந்து மணிக்குச் செகரட்டரி மைதானத்துக்கு வந்தார். குரலில் மரியாதை இருந்தது. "பாவம், மனுஷன் போயிட்டார். இனி ஆட்டம் முடிஞ்ச மாதிரிதானே?"

எனக்கு மானேஜரின் பேச்சு வராது. அன்றைக்கு வந்தது. "இன்னும் முடியலீங்க" என்றேன்.

தினமும் ஆடுகிறோம், பத்துப் பேராக. லெஃப்ட் அவுட்டில் வேறு ஆளை நிறுத்த எங்களில் யாருக்கும் மனமில்லை. பந்து மட்டும் பழைய வழக்கப்படி இடது ஓரத்துக்குப் போய், அவர் நிற்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. அங்கே கொஞ்ச நேரம் விட்டுவைத்துத்தான் எடுத்து வருகிறோம்.