வேலிப் பொட்டு வழக்கு

சைக்கிள் செயினுக்குள் சிக்கிய வேட்டியைச் சிற்றம்பலம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். வேட்டி வந்தது. அதன் கரை மட்டும் செயினோடு நின்றுவிட்டது.

பரந்தன் சந்தியில் வவுனியா பஸ் உறுமுவது கேட்டது. அடுத்த பஸ்ஸில் போனால் கோட்டடி நீதிமன்றக் கந்தோர் பூட்டிவிடும். அப்பீல் கொடுக்க இன்றைக்கு நாலு மணி வரைதான் தவணை.

"வேலிப் பொட்டு அடைபட்டால் நான் வட்டக்கச்சிக்கு அம்மா வீட்டை போறன்," என்று மனைவி இரஞ்சிதம் விடியவே சொல்லிவிட்டாள். "தேத்தண்ணிக் கடைக்கு நீங்கள் கண்ணீரை ஊத்திக் கொதிக்க வையுங்கோ."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. முரசுமோட்டையில் புதுக் கடைத்தெருவுக்குப் பிளான் கீறிய காணிக் கந்தோர் ஐயா, ஒரு தமிழ்க் கடை, ஒரு முஸ்லிம் கடை என்று மாற்றி மாற்றி வளவு பிரித்திருந்தார். இரண்டு வளவுக்கு ஒரு கிணறு. நடுவேலியில் ஆள் புகுந்து போய்வர ஒரு பொட்டு, சின்னத் திறப்பு. 'ஒரே கிணத்தில அள்ளுற சனம் எத்தினை நாளைக்கு முகத்தைத் திருப்பும்?' என்பது அவருடைய கணக்கு. கிணறு விழுந்தது பக்கத்து அரிசிக் கடை ஆதம்பாவாவின் வளவில்.

ஆனால் பிளானில் ஆதம்பாவாவின் கிடாய் இல்லை. அது ஒருநாள் பொட்டுக்குள்ளால் வந்து ஒரு தட்டு வடையைத் தின்றது. சிற்றம்பலம் விறகுக்கட்டையால் அதன் காலில் போட்டார். வாய்த்தர்க்கம் கோட்டு வழக்கு வரைக்கும் போய், பொட்டை நிரந்தரமாக அடைக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்துவிட்டது. நாளைக் காலை கோட்டு ஆள் முள்ளுக்கம்பியோடு வருவான்.

சைக்கிளைத் தெரிந்த கடைச் சுவரில் சாத்திவிட்டுச் சிற்றம்பலம் பஸ்ஸுக்குள் பாய்ந்தார். பாய்ந்தவர் அப்படியே நின்றார்.

முன் சீற்றில் ஆதம்பாவா. தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி. கலியாண வீட்டுக்கும் கோட்டுக்கும் மட்டும் அலுமாரியை விட்டு வெளியே வரும் தொப்பி அது.

கிழிந்த வேட்டியோடு கந்தோர் யன்னலில் நின்று, பொட்டை மூடாதேங்கோ என்று தான் கெஞ்சுவதை இந்த மனுசன் பார்ப்பதா? அதைவிடக் கிணற்றில் குதிக்கலாம். கிணறும் அவருடையதாயிற்றே!

கொண்டக்டர் மணிக் கயிற்றில் கை வைத்தான். சிற்றம்பலத்தின் வாய் தானாகத் திறந்தது.

"நானா! உங்கட கிடாய் கயித்தை அறுத்துக்கொண்டு முல்லைத்தீவு றோட்டால ஓடுது!"

வழக்குத் தொடங்கியபின் இருவரும் பேசிய முதல் கதை அது. ஆதம்பாவா திகைத்தார்.

"மெய்யாவோ? எங்கட கிடாய்தானோ?"

"நொண்டி நொண்டி ஓடுது."

"நொண்டினதெண்டால் எங்கடதுதான்!" ஆதம்பாவா துள்ளி எழுந்தார். "அல்லாஹ்வே, லொறி அடிச்சுப் போடும்! நல்ல நேரத்தில சொன்னீங்கள், அண்ணை. என்ர சீற்றில இருங்கோ."

தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் வீதியில் ஓடுவதைச் சிற்றம்பலம் பின் கண்ணாடியால் பார்த்தார். நெஞ்சு குத்தியது. திரும்பி வந்ததும் கிடாய்க்கு நாலு வடை கொடுத்துச் சரிக்கட்டலாம் என்று தேற்றிக்கொண்டார்.

மாங்குளத்தில் றேடியேற்றர் கொதித்தது. கொண்டக்டர் வாளியோடு கிணறு தேடிப் போனான். போனவன் போனவன்தான்.

"தம்பி எங்க, தண்ணி அள்ளவோ, கிணறு வெட்டவோ போனவன்?" என்று கத்திய சிற்றம்பலம், கடைசியில் தானே இறங்கி ஓடிப்போய் வாளியைச் சுமந்துவந்தார். பாதித் தண்ணீர் கிழியாத வேட்டிப் பக்கத்தையும் நனைத்தது.

கோட்டடிக்கு அவர் வந்து விழுந்தபோது கந்தோர்ப் பியோன் பின்பக்க யன்னல்களைச் சாத்தத் தொடங்கியிருந்தான்.

"ஐயா... அப்பீல்... முரசுமோட்டை வேலி வழக்கு!"

மயில்வாகனம் கிளாக்கர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "சின்ன வழக்கெல்லாம் கொழும்புச் சுப்ரீம் கோட்டுக்குப் போகேலாது. ஆர் அடிச்சது, எது தின்றது எண்டு அங்க ஒருத்தரும் கேக்கமாட்டினம். சட்டத்தில பிழை இருந்தால் மட்டும்தான் அப்பீல்."

"இருக்கு! கவுண்மேந்துப் பிளானில பொட்டு கீறியிருக்கு. நீதவான் பிளானைப் பாக்கவே இல்லை!"

"அட!" கிளாக்கர் நிமிர்ந்தார். "அது நல்ல பொயின்ற். அப்பீல் எடுபட்டால் நாளைக்கு ஒருத்தனும் பொட்டில கை வைக்கேலாது."

சிற்றம்பலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரஞ்சிதம் வாளியோடு பொட்டுக்குள்ளால் வருவது கண்ணில் தெரிந்தது.

கிளாக்கர் பேனாவை மையில் தோய்த்தார். "பேர்?"

"சிற்றம்பலம்."

பேனா நின்றது. கிளாக்கர் அவரைக் கிழிந்த வேட்டி முதல் தலைவரை ஒருமுறை பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். மைக்கூட்டை மூடி வைத்தார்.

"பொட்டை அடைக்கச் சொல்லி வழக்குப் போட்டு வெண்ட ஆள் அப்பீல் பண்ணேலாது, சிற்றம்பலம். தோத்த ஆதம்பாவா அப்பீலோட பஸ்ஸில வாறார் எண்டு அவற்ற லோயர் சொன்னபடியால்தான் நானும் இன்னும் பூட்டாமல் பாத்துக்கொண்டிருக்கிறன்."